தையல் அக்காவின் எட்டுக் கை

"இது எதுக்கு சார்?" என்று கேட்டபடியே என் பையிலிருந்து அகராதியின் முதல் தொகுதியை எடுத்து நாற்காலியில் வைக்கிறார் தையல் அக்கா. பின்னாலேயே இரண்டாம் தொகுதியும் வருகிறது. "இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு எந்த வார்த்தைக்கு அர்த்தம் பாக்கப் போறீங்க?" உள்ளே என் மனைவி வாய்விட்டுச் சிரிக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அவள் இப்படிச் சிரித்ததில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனை. ஆற்று வளைவை ஒட்டிய எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் வாசல் கதவுக்குப் பின்னால், ஆணியில், ஒரு வெள்ளப் பை தொங்க வேண்டும். அடையாள அட்டைகள், மருந்து, டார்ச், தண்ணீர், ஒரு மாற்றுத் துணி. ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. பை இருக்கிறதா என்று அக்கா கேட்பதே இல்லை. கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வோம் என்று அவருக்குத் தெரியும். "கொண்டாங்க" என்பார், அவ்வளவுதான். கழுத்தில் அளவு நாடா, உதட்டிடுக்கில் இரண்டு குண்டூசி, கையில் பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பது போல ஒரு கொக்கித் தராசு. பையை மாட்டித் தூக்கி, முள்ளைப் பார்த்து, குண்டூசிகளை எடுக்காமலே எடையைச் சொல்லி, தையல் சாக்பீஸால் பையின் மேலேயே எழுதிவிடுவார். போன முறை என் பை பத்து கிலோ. இந்த முறை பதினொன்றரை.

டார்ச்சை அழுத்திப் பார்க்கிறார். எரியவில்லை. அதன் பேட்டரிகள் டிவி ரிமோட்டில் இருக்கின்றன. "வெள்ள நிலவரம் டிவியிலதானே சொல்லுவாங்க..." என்று இழுத்தேன். "ஜன்னலைத் தொறந்தா தெரிஞ்சிடப் போகுது" என்றார் அக்கா.

இத்தனைக்கும் வாரப் பத்திரிகையில் 'வெள்ளம் வருமுன்: வீட்டுக்கு இருபது யோசனைகள்' எழுதிய ஆள் நான்தான். படமெல்லாம் போட்டு வந்தது. அதில் ஒன்பதாவது யோசனை டார்ச்சைப் பற்றியது.

அக்காவின் வீடு தெருக்கோடியில், பள்ளத்தில். ஆறு கரையைத் தாண்டினால் முதலில் அங்கேதான் நுழையும். முன்னறையில் மெஷினும் துணி வெட்டும் மேசையும். ஜன்னலோரம் ஒரு கைவைத்த நாற்காலி, அதில் கணவர். கூரை வேலை செய்யும்போது விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது, வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. "எண்பத்திரண்டு கிலோ. இவருக்கு மட்டும் நான் கணக்கு பாக்கறதில்ல" என்பார் அக்கா. "தெருவுல எல்லார் பையிலயும் கொறைச்ச எடை எங்க போவும்? எனக்குத்தான் வருது" என்பார் அவர். நாற்காலியோடு அவரைத் தூக்கி மேட்டிலுள்ள பள்ளிக்கூடம் சேர்க்க நான்கு பேர் வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் அந்த நான்கு பேர் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களில் அடியேனும் ஒருவன்.

அன்று காலை பத்து மணிக்கு ஆறு உடைத்துக்கொண்டது. ஒரு கக்கத்தில் டேபிள் ஃபேன், மறு கையில் என் கட்டுரைகள் வந்த பத்திரிகைக் கட்டு என்று நான் ஓடிக்கொண்டிருந்தேன். முன்னே போனவர் தலையில் டிவி. பின்னே வந்தவர் தோளில் கேஸ் சிலிண்டர். முழங்கால் தண்ணீரில், வாசலில் நின்றுகொண்டு அக்கா கூப்பிட்டார்: "சார், ஒரு கை குடுங்க சார்!" நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன். "இதை மேட்டுல வெச்சுட்டு ஒரே ஓட்டமா வந்துடறேன்க்கா" என்றேன். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மேட்டுக்கும் தெருவுக்கும் நடுவிலிருந்த சிறு பாலம் மூழ்கியிருந்தது. படகு வர ஆறு மணி நேரம் ஆயிற்று. அதுவரை வெட்டும் மேசைமேல் நாற்காலியை ஏற்றி, அதில் அவரை உட்காரவைத்து, மார்பளவுத் தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார் அக்கா. எப்படி ஏற்றினார் என்று இதுவரை கேட்கத் துணிவு வரவில்லை. ஃபேன் நனையவில்லை. இன்றைக்கும் நன்றாகச் சுற்றுகிறது. அதன் காற்றில் எனக்குத்தான் புழுங்குகிறது.

அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை அவர். தண்ணீர் வடிந்து இரண்டு வாரம் கழித்து அளவு நாடாவோடு வந்தார். "தோளைக் காட்டுங்க சார். தொப்பையை உள்ள இழுக்காதீங்க, வெள்ளத்துல யாரும் பாக்கப் போறதில்ல." தார்ப்பாய்த் துணியில், முதுகில் மாட்டும் பைகளாகத் தெரு முழுவதுக்கும் தைத்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் இருபது யோசனைகளைப் படித்துவிட்டுத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டுப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் வாய் சும்மா இராமல், "எங்க சாமான் மேல உங்களுக்குத்தான்க்கா எவ்வளவு அக்கறை!" என்று சொல்லிவைத்தேன். குண்டூசிகளை எடுத்துவிட்டுப் பேசினார். "உங்க சாமானை நான் என்ன சார் பண்ணப் போறேன்? பை முதுகுல இருந்தா கை ரெண்டும் சும்மா இருக்கும். எனக்கு நாலு பேரோட எட்டுக் கை வேணும்." அன்று மாலையே அகராதியை அலமாரிக்குத் திருப்பிவிடுவதாக உறுதி எடுத்தேன். அதை நிறைவேற்ற எனக்கு இரண்டு வருடமும், மேலே சொன்ன சோதனையும் தேவைப்பட்டன.

போன மாதம் நண்பகலில் ஒலிபெருக்கி வண்டி வந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள், ஒரு மணி நேரத்தில் மேட்டுக்குப் போங்கள் என்றது. மனைவி மேட்டுக்கு நடந்தாள். நான் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து ஓடினேன். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயங்களில் கடைசியாக வந்தே பழகியவன், அன்று முதல் ஆள். அவரைத் தூக்க வேண்டிய மற்ற மூவரும் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க வாசலில் நின்றேன். அக்கா சபாஷ் சொல்லுவார் என்ற நப்பாசை வேறு.

அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு தன் கணவரின் வலது கையை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.