புளிப்பானையில் கிடந்த உருண்டை

என் மாமனார் இறந்த அன்று என் கணவர் அழுததைப் பற்றி, கடல்கடந்து வந்து நாங்கள் குடியிருந்த சுண்ணாம்புக் கம்பத்தில் வெகுநாள் பேசினார்கள். கண்ணும் மூக்கும் அவருக்கு ஓயாமல் ஒழுகின. "பெத்தா இப்படி ஒரு புள்ளயப் பெக்கணும்" என்று பக்கத்து வீட்டு அக்கா என் தோளைத் தொட்டுச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அது அழுகையே இல்லை. அபின் கிடைக்காத உடம்பு அப்படித்தான் ஒழுகும். என் கணவர் மாட்டுவண்டி ஓட்டியவர். துறைமுகத்தில் மூட்டைக்குக் காத்திருந்தபோது, முதுகுவலிக்கு நல்லது என்று யாரோ கொடுத்ததில் பிடித்த பழக்கம். அப்போது அது கள்ளச்சரக்கும் இல்லை, அபின் புகைக்கிற சண்டுக்கடைகள் பகிரங்கமாகவே நடந்தன. நாலைந்து வருஷத்தில் ஆளை உருக்கிவிட்டது. சாகக் கிடந்த மாமனார் மகனைக் கூப்பிட்டு, சூடம் ஏற்றி, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். மகன் மடியிலிருந்த அபின் உருண்டையை எறியச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் எறியவில்லை. வயிற்றுப்போக்குக்கு ஆகும் என்று புளிப்பானைக்குள் போட்டுவைத்தேன். புளியும் கறுப்பு, அதுவும் கறுப்பு.

மறுநாளே மாமனார் போய்விட்டார்.

பாடை கட்டி முடித்தபோது என் கணவரால் நிற்கக்கூட முடியவில்லை. கொட்டாவியாக விட்டார், நடுங்கினார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். கொள்ளிச்சட்டி தூக்கவேண்டியவர் மூத்த மகனான அவர்தான். "சின்னவன் தூக்கட்டும்டி, இவனால முடியாது" என்று மாமியாரே என் காதில் சொன்னார். கொழுந்தனும் தயாராகத்தான் நின்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. மூத்தவன் இருக்கச் சின்னவன் ஏன் தூக்கினான் என்று கேட்பார்கள். கேட்டால் சங்கதி வெளியே வரும். என் தோளைத் தொட்ட அந்த அக்காவின் முகம் மாறும். எனக்கு அந்தப் பயம்தான். மாமனாரோ அவருக்குச் செய்த சத்தியமோ அப்போது என் நினைப்பில் இல்லவே இல்லை.

பானைக்குள் கையை விட்டேன். மிளகளவு கிள்ளி வெற்றிலையில் மடித்து, கொல்லைப்பக்கம் சுவரோரம் குந்தியிருந்தவரிடம் நீட்டினேன்.

"வேணாம் புள்ள" என்றார். "அப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"இது மருந்துங்க. வயித்துக்குத்தான்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன மருந்து என்று அவருக்குத் தெரியும். பிறகு வாயைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் கண் காய்ந்தது, நடுக்கம் நின்றது. சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்தார். "மனச தேத்திக்கிட்டாரு, பாவம்" என்றாள் அக்கா. நான் அதற்கும் தலையாட்டினேன்.

கருமாதிவரை பானையிலிருந்து கொடுத்துவந்தேன். தீர்ந்த பிறகு அவரே மறுபடி கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான் போடாத சண்டை இல்லை. கப்பலேறி ஊருக்கே போய்விடுகிறேன் என்றுகூட மிரட்டியிருக்கிறேன். அவர் எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. ஒரே ஒரு தடவை மட்டும், "மருந்துன்னு நீதான புள்ள குடுத்த" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று ரசத்துக்குப் புளி எடுக்கக் கை கூசியது.