தொழில்களுக்குச் சொந்தம் பார்ப்பவர்

வெல்டிங் கண்ணாடியைத் தச்சு மேசையிலிருந்து எடுத்து இரும்பு மேசையில் வைக்கிறார். தூக்குக்குண்டைச் சுவர் கட்டும் மேசன்மாரின் பக்கம் கொண்டுபோய், அங்கே சற்று நின்று யோசித்துவிட்டு, தச்சருக்கும் மேசனுக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு அதில் வைக்கிறார். "ரெண்டு பேருக்கும் பொது," என்று யாரும் கேட்காமலே சொல்கிறார். முள்ளியவளையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தை நடத்தும் விமலேஸ்வரியின் காலை இப்படித்தான் தொடங்குகிறது. பயில வருபவர்கள் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

தொழில்களுக்குள் சொந்தபந்தம் உண்டென்பது அவருடைய கொள்கை. "தச்சன்ர மச்சான் மேசன். மேசன்ர சகலன் பைப் வேலைக்காரன். ஒருத்தனுக்கு வேலை இல்லாட்டி மற்றவன்ர வீட்டில சாப்பிடலாம்." ஆகவே அவரிடம் தனித்தொழில் படிக்க முடியாது. ஒரு குழுவில் சேர்ந்தால் அந்தக் குழுவின் தொழில்கள் அத்தனையிலும் கைவைத்துத் தேறவேண்டும். அப்புறம்தான் பிடித்ததில் நிலைக்கலாம். தையல் படிப்பிக்கும் கச்சு முகம்மது இதைக் கேலி செய்வார்: "ரீச்சரிட்டப் பொம்பிளை எடுத்தா மாமியாரையும் மச்சாளையும் கூட்டிக்கொண்டுதான் போகவேணும்."

தொழில்களுக்கு இவ்வளவு சொந்தம் கண்டுபிடிக்கும் விமலேஸ்வரி, கல்யாண வீடுகளில் யாராவது உறவுமுறை விசாரிக்கத் தொடங்கினால் குசினிப்பக்கம் நழுவிவிடுவார். பந்தியில் சாதி கேட்ட ஒருவரை இலையோடு எழுப்பிவிட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. கேட்டால், "இலையை விட்டிட்டுத்தான் எழும்பினவர்," என்று திருத்துவார். நிலையத்தில் இத்தனை தொழில் நடக்கிறது. அவர் ஆணி அடித்தால் மட்டும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவருடைய விரலைப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவர்தான் அந்தப் பிழையை விட்டார். கடல் பொங்கி ஊர்களை அள்ளிக்கொண்டுபோன மறுவருடம் புதுக் குழுக்களைப் பிரித்தபோது, கடல், வயல், கட்டடம், துணி என்று நாலாக்கினார். படகு, வலை, ஐஸ், படகு எஞ்சின் எல்லாம் கடலோடு. கரையிலிருந்து வந்த சனம் முழுவதும் கடற்குழுவில். முதல் வகுப்பு நாயாற்றங்கரையில். விமலேஸ்வரி குடையும் கரும்பலகையுமாகப் போய் வெயில் ஏறும்வரை நின்றார். ஒருவரும் வரவில்லை. அந்தக் கரையில் ஆளைப் பறிகொடுக்காத வீடு இல்லை.

திரும்பி வந்தவரிடம் கச்சு முகம்மது கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே சொன்னார்: "கடற்கரையான் கடலுக்கு, கமக்காரன் வயலுக்கு, தையல்காரன்ர மகன் நான் துணிக்கு. இதை எங்கட வாப்பாமார் ஒரு திட்டமும் இல்லாமலே செஞ்சு வச்சவைதானே, ரீச்சர்?"

முஸ்லிம் என்பதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு, சண்டை ஓய்ந்த காலத்தில் திரும்பி வந்தவர் அவர். அவர் சொன்னால் சிரிப்பும் வரும், சிரிக்கவும் முடியாது.  அடுத்த வாரம் விமலேஸ்வரி குழுக்களைக் கலைத்துவிட்டு, ஆள் எங்கே பிறந்தார் என்பதை விட்டு, கை எதைப் பிடிக்கிறது என்று பார்த்து அடுக்கினார். வலை பின்னுவது தையலோடு போனது. படகு எஞ்சின் தண்ணீர் இறைக்கும் பம்மோடும் லாண்ட் மாஸ்ரர் என்ற கை உழவு மெசினோடும் ஒரே கொட்டிலுக்கு வந்தது.

அந்தக் கொட்டிலுக்கு மத்தேயு வந்தார். நாயாற்றுக்காரர். மனைவி றோசம்மாவைக் கடல் கொண்டுபோய்த் திருப்பிப் போட்டிருந்தது. இனி அவருக்குத் தரையில்தான் பிழைப்பு வேண்டும். உள்ளூர்க் கமக்காரர் சங்கம் பம் திருத்தும் வேலையை அவருக்கென்று வைத்திருந்தது. நிலையத்தில் தேறினால் போதும். பம் திருத்தினார். லாண்ட் மாஸ்ரர் திருத்தினார். படகு எஞ்சின் மட்டும் மிச்சம்; அதை அவர் தொடவில்லை.

"அந்த மனுசனுக்கு இதை விட்டுக் குடுத்தால் என்ன குறைஞ்சுபோகும்?" என்று கச்சு முகம்மது கேட்டார்.

"நாளைக்குச் சண்டை வந்து, பம் இல்லாத ஊருக்கு இடம்பெயர்ந்தா என்ன செய்வார்? நானோ சோறு போடுறது?"

சண்டை மறுபடி வரும் என்ற கதை அப்போது சந்தையில் மரக்கறியோடு விற்றுக்கொண்டிருந்தது. 

சோதனை நாளில் எஞ்சினை மரச்சட்டத்தில் பூட்டி, அதன் விசிறி மூழ்கும்படி பரல் எனப்படும் ஒரு தகரப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். காலையிலிருந்து மற்றவர்கள் ஓட்டிப் பார்த்ததில் தண்ணீரின் மேல் எண்ணெய் வண்ணம் வண்ணமாகப் படர்ந்திருந்தது. மத்தேயுவின் முறை வந்ததும் விமலேஸ்வரி எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைக் காட்டினார்.

"கயித்தை இழுங்கோ, அண்ணை."

"மாட்டன் ரீச்சர்."

"பம்முக்கு இவன் தம்பிதானே?"

"தம்பியெண்டாலும் கடல்ல நிண்டவன். உப்புத்தண்ணி தொடமாட்டன் எண்டு றோசம்மாவைக் குழியில தாட்ட அண்டைக்குச் சொன்னனான். அவாவுக்குச் சொன்ன சொல்லு."

"இது கிணத்துத் தண்ணி."

"எஞ்சின் நாயாத்தில இருந்து வந்தது. பரலும் அங்க இருந்துதான் வந்தது. தண்ணி மட்டும் இங்கத்தையோ? என்னை இழுக்கவைக்க இதுவும் சொல்லுவியள்."

 மத்தேயு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

 விமலேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பரலடிக்குப் போனார். எண்ணெயை விரலால் ஒதுக்கினார், அது ஒதுங்கவில்லை. அப்படியே ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"ரீச்சர், அதில எண்ணெய் கிடக்கு," என்றார் மத்தேயு.

விமலேஸ்வரி மறுபடி குனிந்தார். இரண்டாவது கைத்தண்ணீர் வாயருகே போனபோது, மத்தேயு எட்டிக் கயிற்றைப் பிடித்தார்.