படகில் தொங்கிய தூக்குச்சட்டி

பழங்காநத்தத்தில் என் அக்கா வீட்டு அடுப்படியில் ஒரு தூக்குச்சட்டி கொக்கியில் தொங்குகிறது. எவர்சில்வர்தான், ஆனால் வயிற்றில் ஒரு நெளிசல், பிடியில் உப்பு அரித்த தடம். அலமாரி நிறையப் பாத்திரம் இருக்கிற வீட்டில் இது மட்டும் ஏன் தொங்குகிறது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "அது தொங்கியே பழகிருச்சு" என்பாள். பொய்யில்லை. அந்தச் சட்டி பல காலம் ஒரு பாய்மரப் படகின் கூரையில் தொங்கி, அலைக்குத் தகுந்தபடி ஆடி, சொட்டுப் பால் சிந்தாமல் இருந்த சட்டி.

மதுரைக்காரனுக்குப் படகா என்று நீங்கள் சிரிக்கலாம். நாங்களும்தான் சிரித்தோம். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற சனம் நாங்கள். என் மச்சான், அக்காவைக் கட்டியவர், சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கல்யாணமான நாளிலிருந்து விருந்தாளி மாதிரித்தான் வந்து போனார். ஓய்வு பெற்று இனியாவது வீட்டில் உட்காருவார் என்று பார்த்தால், கொச்சியில் ஒரு பழைய படகை வாங்கிப் போட்டுவிட்டு வந்து நின்றார். உள்ளே படுக்க இடமும் சின்ன அடுப்படியும் உண்டாம். கரையோரமாகவே கோவா வரைக்கும் போய் வரலாமாம். "இத்தன வருசம் ஒன்னைய விட்டுட்டுப் போனேன். இனிமே கூட்டிட்டுப் போறேன், வா" என்றார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "காலையில எந்திரிச்சதும் எனக்கு நல்ல பால்ல காப்பி வேணும். இல்லேன்னா அன்னைக்கே பஸ் ஏறிருவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். ஆக, அவர்கள் சேர்ந்து வாழ்வதும் வாழாததும் பாலில் வந்து நின்றது. பஞ்சாயத்துக்கு ஆள் வேண்டுமே என்று சிம்மக்கல்லில் இருந்த என் எலக்ட்ரிக் கடையைப் பூட்டவைத்து, மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அக்கா வருவதற்கு முன்னால் நாங்கள் இருவரும் படகில் தங்கிப் பாலோடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஃபிரிட்ஜ் கிடையாது, பாட்டரி விளக்குக்கும் பம்புக்குமே சரியாக இருக்கும். ஐஸ் பெட்டி வைத்தார், மத்தியானத்துக்குள் தண்ணீர். கரையில் வாங்கிய பாலை வேளைக்கு வேளை காய்ச்சித் தூக்குச்சட்டியில் ஊற்றி, ஈரத்துணி சுற்றிக் காற்றில் தொங்கவிட்டார். கடற்கரை வெக்கைக்கு அதுவும் சாயங்காலமே திரிந்தது. கடைசியில், கெடாத அட்டைப்பெட்டிப் பாலைச் சின்னச் சின்னதாக வாங்கி, கடல் உரசிக் குளிர்ந்து கிடக்கிற அடித்தட்டில், பலகைக்குக் கீழே அடுக்கினார். ஒன்றைப் பிரித்தால் அந்த வேளையே தீர்த்துவிட வேண்டும். "ஒங்க அக்கா குடிப்பாளா மாப்ள?" என்று நாளெல்லாம் கேட்டே என் உயிரை வாங்கினார்.

அக்கா வந்து அதை எட்டிப் பார்த்தாள். "அட்டைக்குள்ள எந்த மாடு நிக்குது?" என்று கேட்டுவிட்டு, கரையில் ஒரு வீட்டில் கறந்து வாங்கிவந்த பாலைத் தூக்குச்சட்டியோடு அடுப்பில் வைத்தாள். குடிபோகிற இடத்தில் பால் காய்ச்சாமல் இருக்கலாமா? அது கிழக்கே பார்த்துப் பொங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. நங்கூரம் போட்ட படகோ நீரோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது. "இப்பக் கிழக்கு எங்கிட்டு?" என்று அவள் கேட்க, நான் மேலே நின்று கைகாட்ட, கூத்துதான். ஒருவழியாக நான் உள்ளே இறங்கிவரவும் பால் பொங்கியது. அக்கா குலவை போட்டாள். பொங்கிய பால் அடுப்பை அணைத்ததை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

எங்கிருந்தோ பாய்ந்து வந்த மச்சான் அடுப்பைத் திருகி மூடினார். சட்டி உருண்டு கீழே விழுந்தது. "வெளிய போங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினார். அப்படி ஒரு குரல் அவருக்கு உண்டு என்று அன்றுதான் தெரியும். மேல்தட்டில் இருந்த சிலிண்டரை மூடிவிட்டு, ஒரு வாளியோடு மறுபடி உள்ளே இறங்கினார். அடித்தட்டிலிருந்து மொண்டு மொண்டு வந்து கடலில் கவிழ்த்தார். வாளியில் ஒன்றுமே இல்லை.

"அவுகளுக்குப் பித்துப் பிடிச்சிருச்சா?" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலை முடிந்து மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். அணைந்த அடுப்பிலிருந்து கேஸ் வந்துகொண்டே இருந்ததாம், அது காற்றைவிடக் கனமாம். வீட்டில் என்றால் வாசல் வழியே போய்விடும், படகில் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்குமாம். அதைத்தான் வாளியில் மொண்டு கொட்டினாராம். பம்பு சுவிட்சில் ஒரு பொறி பட்டால் போதுமாம். "எதுன்னாலும் மொதல்ல அடுப்பு, அடுத்தது சிலிண்டர்" என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய், மூடிய சிலிண்டரை மறுபடி ஒருமுறை திருகிப் பார்த்தார்.

"கடல்லயே கெடந்த மனுசனுக்கு இம்புட்டுப் பயமா?" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நீ உள்ள இருந்தியே" என்றார் மச்சான்.

மறுநாள் விடிந்ததும் நெளிந்த அந்தச் சட்டியில் அட்டைப்பெட்டிப் பாலைக் காய்ச்சி, அவரே காப்பி போட்டு நீட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அக்கா ஒரு வாய் குடித்தாள். "கழுநீர் மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் டம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். நான் ஊருக்குப் பஸ் ஏறினேன், அவள் ஏறவில்லை. அதற்குப் பிறகு மழைக்காலம் தவிர அவர்கள் குடித்தனம் தண்ணீரில்தான். அந்த வருசங்களில் அக்கா முகத்தில் இருந்த களை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். படகும் கைமாறிவிட்டது. போன மாதம் அவர்கள் மகள் வாடிப்பட்டியில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனாள். தாலி அறுத்தவள் பால் காய்ச்சலாமா என்று சொந்தத்தில் ஒரு முணுமுணுப்பு. "எங்கம்மா காய்ச்சினாத்தான் எனக்கு வீடு" என்று மகள் ஒரே பிடியாக நின்றாள். அக்கா தூக்குச்சட்டியை அடுப்பில் வைத்தாள். பால் ஏறி, நுரை விளிம்பைத் தொட, பெண்கள் குலவைக்கு வாயெடுத்தார்கள்.

டக்கென்று அக்கா அடுப்பை அணைத்துவிட்டாள். நுரை அப்படியே உள்ளே அமுங்கியது. "ஐயையோ, பொங்க விடலையா?" என்றது கூட்டம்.

"அவுக ஏசுவாக" என்று சொல்லிவிட்டு, அக்கா குனிந்து சிலிண்டரையும் மூடினாள்.