தெரு முழுக்க டிக் டிக்

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்த வருடங்களில் எங்கள் கடைக்கு நல்ல காலம் பிறந்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது கடை. முன்பாதி என் கணவரின் மைக்செட்டுகள், பின்பாதி என்னுடைய ரிப்பேர் மேஜை. என் கணவருக்குக் கட்சி கிடையாது. அதாவது எல்லாக் கட்சியும் அவருடையதுதான். காலையில் ஒரு கட்சியின் சாதனை விளக்கக் கூட்டம், சாயங்காலம் அதே சாதனைகளைக் கண்டித்து இன்னொரு கட்சியின் கூட்டம், இரண்டுக்கும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான். நடுவில் ஒரு காதுகுத்து இருந்தால் அதையும் விடமாட்டார்.

நான் கீழ்வேளூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் விவசாயக் கூலிகள். திருச்சபை நடத்திய ஹாஸ்டலில் தங்கிப் படித்து, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். டிவியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் என் கணவரைத்தான் பார்ப்பார்கள். அவர் கட்டை விரலால் பின்பக்கம் காட்டுவார். அங்கே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். "வந்தாச்சு, டிவியை எறக்கி வைங்க" என்பேன். இரண்டு முறை வந்தபின் யாரும் கேட்பதில்லை.

அந்த வருடம் மேட்டூர் அணை திறக்கவில்லை. வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன. போர்வெல் போட்டிருந்தவர்கள் மட்டும் மோட்டார் வைத்துக் குறுவைக்கு நாற்றுவிட்டார்கள். அப்போதுதான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர், தன் அக்கா வீட்டு டிவியை சைக்கிள் கேரியரில் வைத்து, வேட்டியால் கட்டிக்கொண்டு வந்தார்.

"பகல்ல நல்லா ஓடுதும்மா. சாயங்காலமானா படம் வரமாட்டேங்குது. உள்ள பல்லி கத்துற மாதிரி டிக் டிக்குங்குது" என்றார்.

மேஜையில் வைத்துப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. ஒரு பொழுது முழுக்க ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. கொண்டுபோனார். மறுநாளே திரும்பி வந்தார். இந்த முறை மாட்டுவண்டி. அதில் அக்கா வீட்டு டிவியோடு தெருவின் மற்ற டிவிகளும் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் அதே வியாதி. எல்லாமே என் மேஜையில் நன்றாக ஓடின.

கடை வாசலில் இதுபற்றி அரசியல் விவாதமே நடந்தது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், "இலவசம்னா இப்படித்தான் இருக்கும்" என்றார். ஆளுங்கட்சிக்காரர், "எல்லா ஊருலயும் ஓடுது, அந்தத் தெருவுல மட்டும் ஓடலன்னா யாரோ வேலை பாக்குறாங்க" என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஊரில் வாய்க்காலுக்கு மேற்கே கிடந்த கோயில் நிலத்தைத் தெருக்காரர்கள் சாகுபடி செய்துவந்தார்கள். குத்தகை தன் பெயரில்தான் இருக்கிறது என்று பண்ணைக்காரர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நடவு சமயத்தில் ஒருமுறை வரப்பிலேயே அடிதடி நடந்து, போலீஸ் வந்து போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் கோழி காணாமல் போனால்கூட எதிர்த்தரப்பின் வேலைதான்.

எனக்கு விடை கிடைத்தது ஒரு கவனக்குறைவால். எங்கள் தொழிலில் சீரிஸ் பல்பு என்று ஒன்று வைத்திருப்போம். பழுதான செட்டை நேராகக் கரண்டில் கொடுத்தால் வெடித்துவிடலாம் என்பதால், நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டி அதன் வழியாகக் கொடுப்போம். செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், செட் பிழைக்கும். அன்று தெருக்காரர் டிவி ஒன்றை நினைவில்லாமல் அந்தப் பல்பு இணைப்பில் சொருகிவிட்டேன். உடனே டிக், டிக் என்றது. ஒவ்வொரு டிக்குக்கும் பல்பு ஒருமுறை மின்னி அணைந்தது. பல்பு பாதி வோல்டேஜைத் தின்றுவிடுகிறது. ஆக, டிவிக்கு வியாதி இல்லை. அதற்குப் போதுமான வோல்டேஜ் வரவில்லை.

டிவிக்குள் கரண்டை வாங்கிக் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. வரும் கரண்டை அது நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்பும். அந்த வழியில் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ரெசிஸ்டர் ஒன்று காவல் இருக்கும். அளவுக்கு மேல் கரண்டு போனால் எல்லாவற்றையும் நடத்துகிற ஐ.சி. சில்லுக்கு அது தெரிந்துவிடும், ஐ.சி. எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கிப் பார்க்கும். சரியில்லை என்றால் மறுபடி நிறுத்தும். டிக் என்பது அந்தத் தொடங்கி நிறுத்தும் சத்தம்தான்.

மறுநாள் சாயங்காலம் மீட்டரை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். சங்கத்துக்காரரின் அக்கா வீட்டில் உட்கார்ந்தேன். டீ கொடுத்தார்கள். டிவி நன்றாக ஓடியது. பிறகு வயல் மோட்டார்களுக்கான த்ரீ பேஸ் கரண்டு விட்டார்கள். வயல் பக்கமிருந்து மோட்டார்கள் உறுமும் சத்தம் வந்தது. வீட்டு பல்பு மஞ்சளாகிச் சோர்ந்தது. இருநூற்று முப்பது காட்ட வேண்டிய மீட்டர் நூற்று முப்பதுக்குப் பக்கத்தில் தள்ளாடியது. டிவி டிக் டிக் என்றது. வாசலில் நின்று பார்த்தேன். தெரு முழுக்க அதே சத்தம்.

"வோல்டேஜ் கம்மியா வருதுக்கா. கம்மியா வந்தா, அதே படத்தக் காட்ட டிவி கரண்டை அதிகமா இழுக்கும். அளவு மீறினதும் அதுவா நிறுத்திக்குது. டிவி மேல தப்பு இல்ல" என்றேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். ரோடு வேலையில் மண் சுமந்தவர். "கூடை சின்னதாப் போனா நடை கூடும். நடை கூடினா இடுப்பு போயிடும். இது அதுக்கு முன்னாடியே உக்காந்துருது. அவ்வளவுதானே?" என்றார்.

நான் பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டர் முழுக்கக் கேட்டது அதுதான். "அவ்வளவுதான்க்கா" என்றேன்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "மோட்டார் ஓடினா வோல்டேஜ் எறங்குதுன்னா, அப்ப அது பண்ணை மோட்டார்தானே?" என்றார் ஒருவர். இன்னொருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு ரிப்பேர்க்காரி சொன்ன வார்த்தையால் இரண்டாவது அடிதடி நடக்கப்போகிறது.

"இந்தக் கம்பியில வேற யாரு மோட்டாரும் இல்லையா?" என்று கேட்டேன்.

சங்கத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "கோயில் நெலத்துக்கு நாங்களும் ஒண்ணு போட்ருக்கோம்" என்றார். மடித்துக் கட்டிய வேட்டி மெதுவாகக் கீழே இறங்கியது.

லைனைச் சரிசெய்யாமல் டிவியைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருக்காரர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. யாருக்குத்தான் பிடிக்கும்? மெக்கானிக் என்றால் சரிசெய்ய வேண்டும்.

அந்தச் சமயம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கீழ்வேளூர் போய் உடனிருந்துவிட்டுத் திரும்பினால், கடையில் என் கணவர் உற்சாகமாக இருந்தார். "அந்தத் தெரு டிவியெல்லாம் இப்ப நல்லா ஓடுதாம்" என்றார்.

"எப்படி?"

"என்னமோ, கரண்டு நல்லா வருது போல" என்று சொல்லிவிட்டு, ஒயரைச் சுற்றுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அந்த ஊருக்குப் போனேன். அக்கா வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. டிவிக்குப் பக்கத்துத் தூளியில் அக்கா மகளின் கைக்குழந்தை தூங்கியது. மோட்டார்கள் உறுமின. பல்பு மஞ்சளானது. ஆனால் படம் அசையவில்லை. "பாத்தியா? உன் வீட்டுக்காரரு வந்து கையோட பாத்துக் குடுத்தாரு" என்றார் அக்கா.

நான் மீட்டரை எடுப்பதற்குள் படம் நான்கு பக்கமும் சுருங்கியது. உள்ளே பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். வெள்ளைப் புகை. பின்மூடியின் ஓட்டைகள் வழியாகச் சின்னதாக ஒரு தீநாக்கு எட்டிப்பார்த்தது. அக்கா குடத்தைத் தூக்கிவிட்டார்.

"தண்ணி வேணாம்க்கா. புள்ளையத் தூக்குங்க" என்று கத்திவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன். அக்கா குழந்தையை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மூலையில் கிடந்த சாக்கை எடுத்து டிவி மேல் போட்டு அமுக்கினேன். தீ அணைந்தது. தூளித் துணியின் ஓரம் கருகியிருந்தது.

ஆறியபின் மூடியைக் கழற்றினேன். அந்தக் காவல் ரெசிஸ்டரின் பக்கத்தில், அதோடு ஒட்டி இன்னொன்றைப் பற்றவைத்திருந்தது. அப்படி இரண்டாகப் போட்டால் முன்பைவிட இரண்டு பங்கு கரண்டு போனபிறகுதான் ஐ.சி.க்குச் செய்தி போகும். குறைந்த வோல்டேஜிலும் டிவி ஓடும், உள்ளே இருக்கிறவை எரிகிறவரைக்கும். பற்றவைத்த ஈயம் கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றது. மைக் ஒயர்களில் அந்தக் கொழுக்கட்டையை நான் தினமும் பார்க்கிறவள். வாசலில் கூடிவிட்டவர்கள் முன், "இத நான் புதுசாவே மாத்தித் தரேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

என்னை அழைத்துப்போக என் கணவர் மொபெட்டில் வந்தார். பின்னால் ஏறிக்கொண்டேன்.

"எத்தன வீட்ல போட்டீங்க?" என்றேன்.

"எல்லார் வீட்லயும்தான்" என்றார். பிறகு, "தெருவே வந்து நின்னுச்சு. 'உங்க வீட்டம்மா முடியாதுன்னுருச்சு, நீங்களாவது பாருங்க'ன்னாங்க. நீ என்னிக்கோ அந்த ரெசிஸ்டரைக் காட்டிச் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. நல்லதுன்னுதான் நெனச்சேன்" என்றார்.

"தூளியில புள்ள தூங்கிட்டிருந்துச்சுங்க."

மொபெட்டை நிறுத்திவிட்டார். வரப்பில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தவர் வண்டியை வீட்டுக்கு விடவில்லை. கடைக்கு விட்டார். ஒரு வாடகை ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார். அப்படியே அந்தத் தெருவுக்குத் திரும்பினோம்.

"பெரியோர்களே, தாய்மார்களே," என்று அவருடைய கூட்டக் குரலில் ஆரம்பித்தார். "நான் பார்த்துக் கொடுத்த டிவிகளை உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் செய்தது தவறான வேலை. நாளை என் மனைவி வந்து சரிசெய்வார்." தேர்தலுக்கு எவ்வளவோ பேருக்காகப் பேசியவர். தன் தவறை மைக்கில் சொன்ன ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவர்தான்.

மறுநாள் வீடு வீடாகப் போய்க் கொழுக்கட்டைகளை எடுத்தேன். அவர் ஸ்க்ரூக்களைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். டிவிகள் பழையபடி டிக் அடித்தன. யாரும் குறை சொல்லவில்லை.

அதோடு விட மனமில்லாமல் பண்ணை வீட்டுக்கும் போனேன். அப்பா காலத்தில் இப்படியொரு வாசலில் எங்கள் ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியில் நிற்க வேண்டும். பண்ணைக்காரர் என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். "உள்ள வந்து உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தேன்.

டிவி பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். "உங்க டிவி டிக் அடிக்குது. என் மோட்டார் ரெண்டு தடவை காயில் எரிஞ்சு போச்சு. அவனுங்கதான் ஏதோ பண்றானுங்கன்னு நெனச்சிட்டிருக்கேன்."

மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் பெட்டியில் கரண்டு மிஞ்சினால் தானாக விழுந்துவிடும் ரிலே உண்டு. அது விழாதபடி பச்சைப் பொத்தானுக்கு ஒரு மூங்கில் குச்சியை முட்டுக் கொடுத்து, சணல் போட்டுக் கட்டியிருந்தது.

"இது எதுக்கு?"

"ஓயாம விழுந்துகிட்டே இருக்கும்மா. எத்தன தடவை ஓடிவந்து போடறது?"

"அது உங்க மோட்டாரைக் காப்பாத்தத்தான் விழுது. குச்சி வச்சதாலதான் காயில் எரியுது. அவங்க டிவிக்கும் உங்க மோட்டாருக்கும் ஒரே நோய். ஊர் டிரான்ஸ்பார்மர் பத்தல."

அவர் குச்சியைப் பார்த்தார். சங்கத்து மோட்டாரிலும் இதேபோல் குச்சி இருக்கிறதா என்று கேட்டார். தெரியாது என்றேன். இருந்தது, பிறகு பார்த்தேன். அது சவுக்குக் குச்சி.

புது டிரான்ஸ்பார்மர் கேட்டு மின்வாரிய அலுவலகத்துக்கு இரண்டு தரப்பாரும் ஒரே மினி பஸ்ஸில் போனார்கள். பண்ணைக்காரர் முன்சீட்டில், சங்கத்துக்காரர் கடைசி சீட்டில், நடுவில் நானும் அக்காவும். உள்ளே போனதும் பொறியாளர் முன் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அந்த ஊரிலிருந்து இரண்டு தரப்பும் சேர்ந்து வந்து தான் பார்த்ததே இல்லை என்றார் பொறியாளர். சம்பா நடவுக்கு முன்பே தெருமுனையில் புது டிரான்ஸ்பார்மர் ஏறியது.

நிலத்து வழக்கு முடியவில்லை. இன்னும் எந்தக் கோர்ட்டிலோ இருக்கிறது. ஆனால் கரண்டு கொடுத்த அன்று எல்லோரும் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி நின்றிருந்தோம். தேங்காய் உடைக்கக் கம்பத்துக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டார் சங்கத்துக்காரர். பண்ணைக்காரர் பின்னாலிருந்து, "தள்ளி நில்லுங்க, ஷாக் அடிக்கும்" என்றார். சங்கத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்று உடைத்தார்.