அந்திமந்தாரையில் சிவப்புப் புள்ளிகள்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

விவசாயக் கல்லூரியில் படிக்கும் என் மகள் லீவில் வந்தபோது, செல்போனில் ஒரு அந்திமந்தாரைப் பூவைக் காட்டினாள். மஞ்சள் இதழில் சிவப்பைத் தெளித்த மாதிரி கோடும் புள்ளியும். பார்த்ததும் எனக்குத் துணி சோப்பு வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இவள் பிறப்பதற்கு முன்னால் நாரணாபுரத்தில் குடியிருந்தோம். எனக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலை. அலுமினியப் பொடி அப்பி, வெள்ளிச் சிலைபோல வீட்டுக்கு வருவேன். என் மனைவி அந்தச் சட்டையைத் துவைத்த தண்ணீர் வாசலில் இருந்த அந்திமந்தாரைக்குப் போகும். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். செடி முதன்முதலாகப் பூத்தது, இதே புள்ளிகளோடு.

எதிர்வீட்டு மதினி பார்த்துவிட்டு, "ஏ தாயி, மருந்துத் தண்ணி குடிச்ச செடி இப்பிடிப் பூத்திருக்கே. மருந்துக்காரன் பிள்ளை எப்பிடி வருமோ?" என்றார். கேலிதான். ஆனால் என் மனைவி அன்று சாப்பிடவில்லை. "அந்த வேலைய விட்டுருங்க" என்றாள். மறுநாள் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டாள்.

நானும் காரணத்தைச் சொல்லி வேலையை விட்டேன். போர்மேன் எல்லார் முன்னாலும் சிரித்தார். "ஏலே, வெடிக்குப் பயந்து ஓடுனவனப் பாத்திருக்கேன். பூவுக்குப் பயந்து ஓடுறவன இப்பத்தாம்லே பாக்கேன்!" தலையைக் குனிந்துகொண்டு வந்து, ஒரு அச்சகத்தில் காகிதக் கட்டு சுமந்தேன்.

இதைக் கேட்டு மகளும் சிரித்தாள். "மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லப்பா. பூவுக்குச் சிவப்பு குடுக்குற ஜீன் இருக்குல்ல, அதுக்கு நடுவுல வேற ஒரு டி.என்.ஏ. துண்டு குதிச்சு வந்து உக்காந்துக்கிடும். சிவப்பு நின்னுரும். அது எந்திரிச்சுப் போற எடத்துல மட்டும் சிவப்பு திரும்ப வந்துரும். அந்தப் புள்ளிதான் இது."

"அப்ப அது சீக்கு இல்லையா?"

"இல்லப்பா. எல்லாச் செடிக்குள்ளயும் இப்பிடித் துண்டுக கெடக்கு. நம்ம காட்டுல வெளையுற மக்காச்சோளத்துக்குள்ள பெரும்பகுதி அதுதான்."

பிறகு கேட்டாள், "நான் பிறந்ததும் மொதல்ல என் மூஞ்சியத்தான பாத்தீங்க?"

"ஆமா" என்றேன். பொய். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி முதுகையும் உள்ளங்காலையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். என் மனைவி கட்டிலில் இருந்து பிள்ளையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புள்ளியும் இல்லை என்று நான் தலையசைத்த பிறகுதான் கையை நீட்டினாள்.

வேலையை விட்டதில் வருத்தமில்லை. அந்த வாசலில் இப்போது சிமெண்டு பூசிவிட்டார்கள். அந்தச் செடியில் ஒரு விதைகூட நாங்கள் எடுத்துவைக்கவில்லை.

ஆவணி மாதம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை.