மைக்கில் சொன்ன நூறு கேம்

என் மச்சினன் என் மகளுக்கு வைத்த சீர் பொய்ச் சீர். தாய்மாமன் சீர் என்று சொந்தபந்தத்தைக் கூட்டி, மைக்கில் சொல்லி, தட்டில் வைத்துக் கொடுத்தான். கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுத் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். இதை அவனிடமே போனில் சொல்லிவிட்டேன். என் மனைவியிடமும் சொன்னேன். அக்காவும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் சீர் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் என்ன இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். நான் ஆரப்பாளையத்தில் ஒரு டயர் கடையில் வேலை பார்க்கிறேன். வீடு செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவில். டிவிக்குக் கீழே ஒரு பழைய கேம் கன்சோல் இருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் கைபட்டதோ தெரியாது. சிடியைப் போட்டால் முதல் தடவை வெளியே துப்பிவிடும். இரண்டாம் தடவை உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினால் வாங்கிக்கொள்ளும். அந்தத் தள்ளு எனக்கும் என் மகளுக்கும் மட்டும்தான் வரும். என் மனைவி தள்ளினால்கூட வாங்காது.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே பழைய கேம் சிடிக் கடை இருக்கிறது. விளையாடி முடித்ததைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு வேறு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் மகளும் வண்டியில் போவோம். அது எங்கள் இரண்டு பேருடைய காலை. கடைக்காரர் சிடியை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இவளும் எக்கிப் பார்ப்பாள்.

"கீறல் எம்புட்டு இருக்கு பாரு பாப்பா" என்பார்.

"வட்டமா இருந்தாத்தான் அங்கிள் ஓடாது. இது நெடுக்க இருக்கு, ஓடும்."

"ஆத்தாடி. நாளைக்கு வந்து நீயே கல்லாவுல உக்காந்துக்கத்தா."

கொடுக்கப் போகும் சிடியின் நடு வளையத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பாள். எதற்கு என்று கேட்டால், "நம்ம வீட்டுல இருந்துச்சுன்னு தெரியணும்ல" என்பாள். ஒரு தடவை அவள் புள்ளி வைத்த சிடியே ஊர் சுற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்திருந்தது. கையில் வைத்துக்கொண்டு யாரோ உறவுக்காரரைப் பார்த்தது போல நின்றாள்.

ஒரு நாள் ஒரு ஃபுட்பால் சிடியை எடுத்தேன். கடைக்காரர், "அண்ணே, அதுல பாதி டீமு பூட்டியிருக்கும். மொத வாங்குனவன் உள்ள இருந்த நம்பரைப் போட்டுட்டான். ரெண்டாவது ஆளுக்குத் தொறக்காது" என்றார். "சிடிய வித்துட்டுப் பாதிய வீட்டுலயே வச்சுக்கிட்டானா?" என்று கேட்டுச் சிரித்தேன். நாளைக்கு நம் வீட்டிலும் இது நடக்கும் என்று அப்போது தெரியவில்லை.

என் மகளுக்குக் காதுகுத்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. குலசாமி கோயிலில் பங்காளிகளுக்குள் சண்டை, கோயிலையே பூட்டி வைத்திருந்தார்கள். சண்டை தீர்ந்து உசிலம்பட்டிப் பக்கம் வேன் பிடித்துப் போனபோது அவள் மூன்றாம் வகுப்பு. காதுகுத்தில் அப்பனுக்கு ஒரு வேலையும் கிடையாது. கறி வெந்ததா என்று பார்க்கலாம், பந்தியில் தண்ணீர் வைக்கலாம். பிள்ளை உட்காருவது மாமன் மடியில். சீர் கொண்டுவருவதும் மாமன்தான். அன்றைக்கு எல்லோரும் பார்ப்பது அவனைத்தான்.

மேளத்தோடு வந்தார்கள். வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், ஒரு நாள் முழுக்க வெயில் படாதவன், அன்றைக்குப் பட்டு வேட்டியில் முன்னால் வந்தான். தலையில் ஒரு தட்டு. மாமனார் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்திருந்தார்.

"தாய்மாமன் சீரு. தங்கத் தோடு ஒரு ஜோடி. பட்டுப் பாவாடை. பழத்தட்டு. கேம் பெட்டி ஒண்ணு, புதுசு. அதுக்குள்ள நூறு கேமு. எல்லாம் எங்க வீட்டுப் பேத்திக்கு."

நூறு என்றதும் கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. தோட்டுக்கு அப்படி எழவில்லை. என் மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "மாப்ள, சிடி போடுற ஓட்டையக் காணோமே?"

"அதெல்லாம் பழசு மச்சான். ஓட்டை இருந்தாத்தான தூசி போகும், ஒங்க வீட்டுப் பெட்டி மாதிரி இருமும். இதுல எல்லாம் நெட்டுலயே எறங்கிரும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முடி வெட்டினாலே என் மடியில் அலறுகிறவள், அவன் மடியில் இரண்டு காதும் குத்தும் வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கண் முழுக்க அந்தத் தட்டில் இருந்தது.

எனக்குப் பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் சம்பளத்தின் மேல் எனக்குப் பொறாமை வந்ததில்லை, அவன் காரின் மேலும் இல்லை. அந்த மடியின் மேல் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். "இல்லப்பா, நீ போயிட்டு வா" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நூறு கேம் இருக்கும்போது மாடிப்படிக்குக் கீழே எதற்கு? பழைய கன்சோலின் மேல் அவள் பள்ளிப் பை ஏறி உட்கார்ந்துகொண்டது.

சில வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு காரியம் செய்தேன். புதுப் பெட்டியோடு ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் வந்திருந்தது. இன்னொன்று இருந்தால் நானும் அவளோடு உட்காரலாம். பழைய கன்சோலையும் வீட்டிலிருந்த சிடிகளையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் புதுப் பெட்டிக்கு ஏற்ற கன்ட்ரோலரை வாங்கி வந்தேன். "யோசிச்சுக்கங்கண்ணே" என்றார் அவர். நான் யோசிக்கவில்லை.

இரண்டு நாள் விளையாடினோம். சனிக்கிழமை மச்சினன் வந்தான். "அப்பா, கொஞ்சம் தள்ளிக்கோப்பா, மாமா உக்காரட்டும். கேமுல இந்த எடம் ஒனக்கு வராது." நான் வாங்கிய கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, நான் உட்கார்ந்த சூடு ஆறாத இடத்தில் அவன் உட்கார்ந்தான். நான் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் வந்தான்.

அப்புறம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வரத்து நின்றது. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து டிவியைப் போட்டவள் கத்தினாள். ஒவ்வொரு கேமின் படத்தின் மேலும் ஒரு குட்டிப் பூட்டு. நூறும் பூட்டியிருந்தது. அவள் மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்த தீவு ஒன்று அதில் இருந்தது, கலங்கரை விளக்கம் பாதியில் நின்றது. அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது.

மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"அது ஒண்ணுமில்ல மச்சான். நான் இங்க எனக்கு ஒரு பெட்டி வாங்கிட்டேன். இதைத்தான் இப்ப வீட்டுப் பெட்டின்னு போட்டிருக்கேன். கேமெல்லாம் என் அக்கவுண்டுல வாங்குனது, ஒரு அக்கவுண்டுக்கு ஒரு வீட்டுப் பெட்டிதான் கம்பெனிக்காரன் விடுவான், அதுலதான் யாரு வேணா வெளையாடலாம்."

"அப்ப பாப்பாவோடது?"

"அதுல என் பேர்ல உள்ள போனா ஓடும். ஆனா நான் இங்க வெளையாடுறப்ப அங்க நின்னுரும்."

"அப்ப பாஸ்வேர்டைக் குடு."

"அதெப்படி மச்சான். என் கார்டெல்லாம் அதுலதான கெடக்கு."

"சீரா வச்சதுக்கு நீ சாவியக் கையில வச்சிருக்க?"

"பெட்டி அங்கதான இருக்கு. அதை எவன் கேட்டான்?"

"நூறு கேமுன்னு மைக்குல சொன்னீங்களே, அது யாருது?"

"சட்டப்படி பாத்தா அது எனக்கே சொந்தமில்ல மச்சான். கம்பெனிக்காரன் வெளையாட அனுமதி குடுத்திருக்கான், அம்புட்டுத்தான். என்னாலயே விக்க முடியாது, யாருக்கும் மாத்திவிடவும் முடியாது."

"வாடகை வீட்ல குடியிருந்துக்கிட்டு அந்த வீட்டையே எம்மகளுக்குச் சீரா எழுதிக் குடுத்தியா மாப்ள?"

அவன் சிரித்தான். என் மனைவி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள், அவளும் சிரித்தாள். "ஏங்க, சீர்ல வந்த குத்துவிளக்குக்கு நீங்க ரசீது கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லைதான். சீரில் வந்ததற்கு யார் ரசீது கேட்பார்கள்? யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பது அவமரியாதை. எங்கள் ஆட்களுக்குத் தோடு தெரியும், அண்டா தெரியும். தட்டிலிருந்து இறக்கிவிட்டால் அது இந்த வீட்டுப் பொருள். இறக்கிய பிறகும் கொடுத்தவன் பெயரிலேயே இருக்கிற சீரை நாங்கள் பார்த்ததில்லை. அவன் பார்த்திருக்கிறான். தெரிந்தும் தலையில் தூக்கி வந்தான்.

ஆரப்பாளையம் சிடிக் கடைக்குப் போனேன். சீரில் வந்த பெட்டியை எடுத்துக்கொண்டு என் பழைய கன்சோலைக் கொடுங்கள் என்றேன். "அது அன்னைக்கே போயிருச்சுண்ணே. இந்தப் பெட்டிய வச்சு நான் என்ன பண்ண? ஓட்டையில்ல. எதைப் போட, எதை எடுக்க?" என்றார். அலமாரியில் நெயில் பாலிஷ் புள்ளியோடு எங்கள் சிடி ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்தேன். போட்டு ஓட்ட வீட்டில் மெஷின் இல்லை. பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

என் மகளுக்கு மாமன் மேல் துளி கோபம் இல்லை. "மாமா சரி பண்ணிருவாரு" என்றாள். மாமா சரி பண்ணினான். எப்படி என்றால், "ஞாயித்துக்கெழம பாப்பாவ இங்க கொண்டாந்து விட்ருங்க மச்சான், இங்க வெளையாடட்டும்."

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை நான் வண்டி ஓட்டுவது ஆரப்பாளையத்துக்கு இல்லை, வில்லாபுரத்துக்கு. அவளை இறக்கிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவன் தனக்கென்று வாங்கிய பெட்டியில் சிடி போடும் ஓட்டை இருக்கிறது. என்னிடம் அதெல்லாம் பழசு என்று சொன்னவன், தனக்கு அதைத்தான் பார்த்து வாங்கியிருக்கிறான்.

அவளும் பார்த்திருக்கிறாள். வரும் வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "அப்பா, நம்ம சிடி ஒண்ணாச்சும் இருந்தா மாமா பெட்டியில போட்டுப் பாக்கலாம்ல?"

"எல்லாம் வித்தாச்சு" என்றேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அது என் சிடி. எங்கே ஓட வேண்டும், எங்கே ஓடக் கூடாது என்று நான்தான் சொல்வேன். அவன் வீட்டில் ஓடாது.

மாப்ள, அடுத்த மாதம் உன் கல்யாணம். மண்டபத்தில் மைக் இருக்கும். காதுகுத்துக்கு வந்த அத்தனை பேரும் வருவார்கள், சீர் வாசித்த பெரியவரும் வருவார். என் மகளும் முன் வரிசையில்தான் இருப்பாள். சீரை மைக்கில் சொல்லித்தானே வைத்தாய்? அதே மாதிரி மைக்கைப் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அந்த நூறு கேம் யாருடையது?