துளியூண்டு

“துளியூண்டு… இன்னும் துளியூண்டுங்க” என்று சொல்லிக்கொண்டே பிசியோதெரபிஸ்ட் ஒரு பெரியம்மாளின் முழங்காலை மடக்கிக்கொண்டிருக்கிறாள். பெரியம்மாளுக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. பிசியோதெரபி நடக்கும் அந்த ஒற்றை அறையில் இந்தச் சொல் காதில் விழாத நேரமே இல்லை. வருகிறவர்கள் அவளுக்குத் ‘துளியூண்டம்மா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

துளியூண்டு என்றால் ஊருக்கெல்லாம் மிகமிகக் கொஞ்சம். அவளுடைய துளியூண்டுக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது அவர்கள் புகார். “துளியூண்டு வலிக்கும்” என்றால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். “துளியூண்டு உக்காருங்க” என்றால் வீட்டுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொல்லிவிடலாம். வீட்டில் சமையல் அவள் கணவர் பொறுப்பு. துளியூண்டு உப்புக் குறைகிறது என்று அவள் சொன்னால், மனிதர் மறுபேச்சில்லாமல் உப்பு ஜாடியையே கொண்டுவந்து வைத்துவிடுவார்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்துகொண்டிருந்தார். விரலை அசைக்கச் சொல்லிவிட்டு, மூக்கு மேசையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்ப்பாள். “துளியூண்டு அசைஞ்சுது” என்பாள். அவருக்கோ மனைவிக்கோ ஒன்றும் தெரியாது. நம்மைத் தேற்றுவதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று டிரைவர் முடிவு கட்டிவிட்டார். இனி வரமாட்டேன் என்று அடம் பிடித்தவரை மனைவிதான் கெஞ்சிக் கூட்டி வந்தாள்.

அன்றும் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“இன்னிக்கு அசையலைங்க.”

“துளியூண்டுகூடவா?” என்று கேட்டார் டிரைவர்.

“இல்லைங்க. துளியூண்டுகூட இல்ல.”

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. டிரைவர் மட்டும் துளியூண்டம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ இதுவரைக்கும் சொன்னதெல்லாம்?”

“அசைஞ்சுது, சொன்னேன்.”

மறுநாள் மனைவி தலைவாரி முடிப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை, அவருடைய ஆள்காட்டி விரல் மேசையை விட்டு எழுந்தது. குனிந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிட்டாள். டிரைவர் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார். துளியூண்டம்மா அவர் மணிக்கட்டுக்கு அடியில் தாங்கலாக வைத்திருந்த தன் உள்ளங்கையை மெல்ல உருவிக்கொண்டாள். விரல் இறங்கவில்லை.